தெரியாது என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எல்லாம் ஓர் அட்டைக்கடியில் ஆரம்பித்தது. இலங்கையில் உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழைக்காலத்தில் அட்டை கடிக்காத உடம்பே கிடையாது. காலில் கடித்தால் சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். அந்த வருஷம் எனக்கு வந்த சனியன் இடுப்பில் கடித்தது. அதுவும் சரியாகப் படங்குக் கயிறு இறுக்குகிற இடத்தில்.

கொழுந்தெடுக்கும்போது செடி காலைக் கிழிக்காமல் இருக்க, இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு சாக்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வோம். அதுதான் படங்கு. கயிறு உரசி உரசிப் புண் சீழ் பிடித்துவிட்டது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் காலையில் பொறுக்க முடியாமல், கயிற்றை மேலே தூக்கி, மார்புக்குக் கீழே தளர்வாகக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனேன்.

அப்படிக் கட்டினால் எங்கள் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. புண் எரிந்த எரிச்சலில் மறந்துவிட்டேன், அவ்வளவுதான். பிள்ளை உண்டானவள்தான் படங்கை அப்படிக் கட்டுவாள். மூன்று மாதம் முடிவதற்கு முன்னால் வாயால் சொன்னால் கண்பட்டுவிடும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கயிறு மேலே ஏறினால் போதும், பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். கங்காணியும் ஒரு வார்த்தை கேட்காமல் அவளை ரோட்டோர நிரைக்கு அனுப்பிவிடுவார். அங்கே சரிவு இல்லை, வழுக்காது, கூடையைச் சுமந்து ஏறி இறங்க வேண்டியதும் இல்லை.

அன்றைக்குக் கங்காணி நிரை பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் பக்கம் வந்ததும் என் கயிற்றைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வானத்தைப் பார்த்தார்.

"நீ ரோட்டு நிரைக்குப் போம்மா."

"எனக்கு எதுக்குங்க ரோட்டு நிரை? நான் நடு மலையிலதானே எடுக்கிறேன்?"

"போம்மா போ. எல்லாம் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஐயையோ, அட்டை கடிச்சிருக்குங்க! அதான் கயித்தத் தூக்கிக் கட்டியிருக்கேன்!" என்று கத்தினேன். அவ்வளவுதான், இருபத்தைந்து பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஆமாமா, கடிச்ச அட்டை கவ்வாத்து மலையிலதானே வேல செய்யுது?" என்று ஒருத்தி கேட்டாள். என் புருஷன் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியை மட்டம் வெட்டுகிற வேலை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்துக்குப் போனேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் என் கைக்கு நிகரான கை கிடையாது. நடு மலையில் செங்குத்தான நிரை எப்போதும் எனக்குத்தான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் கூடையை இறக்கினால் கணக்கப்பிள்ளை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். இதைச் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்படவில்லை. அப்பேர்ப்பட்ட என்னை ரோட்டோரத்தில், பிள்ளைத்தாய்ச்சிகளோடும் முட்டி வலிக்காரிகளோடும் நிறுத்திவிட்டார்கள். கோபத்தில் முற்றல் இலையையெல்லாம் சேர்த்துக் கிள்ளினேன்.

பத்து மணி இருக்கும். கை பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டிருந்தது, மனது எண்ண ஆரம்பித்தது. எனக்கு வழக்கமாகச் சம்பளம் போடுகிற வாரத்தில்தான் தூரம் வரும். சம்பளம் போட்டு இரண்டு வாரம் ஓடிவிட்டது. நான் மூலையில் உட்காரவில்லை, தலைக்குக் குளிக்கவில்லை. விரலை மடக்கிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நாள். கொழுந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கல்யாணமாகி இரண்டரை வருஷம். அட்டை கடித்த புண்ணுக்காகக் கட்டிய கயிறு உண்மையைச் சொல்லிவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆனால் முன்னேயும் ஒரு தடவை எனக்கு ஐம்பது நாள் தள்ளிப்போய், பிறகு வந்திருக்கிறது. காய்ச்சல் வந்து எழுந்த மாதம் அது. அப்போதும் இப்படித்தான் ஆசைப்பட்டு, இப்படித்தான் மூக்கறுபட்டேன். அதனால் இந்தத் தடவை ஆசைப்படுவதற்கே பயமாக இருந்தது.

என் மாமியாரும் அதே கூட்டத்தில்தான் கொழுந்தெடுத்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அத்தை, அவர், நான், மூன்றே பேர். அத்தை என்னிடம் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. அடுப்பில் விறகைத் தள்ளுவதுகூட என்னைத் திட்டுவது போலத்தான் இருக்கும். அன்று மாலை நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனபோது, அத்தை வந்து குடத்தை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"வை புள்ள கீழ. நான் போறேன்."

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அத்தையும் நாள் எண்ணியிருக்கிறார். ஒரே காம்பராவில் யார் எப்போது குளித்தார்கள் என்பது ரகசியமா என்ன?

அடுத்த இரண்டு வாரம் நான் ராணி மாதிரி இருந்தேன். என் தட்டில் கருவாடு பெரிய துண்டாக விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அத்தை பஜாருக்குப் போய்க் கடை நானாவிடம் புளிப்பு மாங்காய் கேட்டிருக்கிறார். நானா உடனே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, "மருமகளுக்கா? அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஒரு கை பேரீச்சம்பழத்தையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டாராம். அத்தை அதைப் பிரிக்காமல் என் மடியில் வைத்தார். நான் ஒவ்வொன்றாகத் தின்றேன். தின்னத் தின்ன, திருடித் தின்பது போலவே இருந்தது.

ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தேயிலை அரைக்கிற இஸ்டோர் பக்கம் போனால் வாடை குமட்டியது. ஆனால் குமட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டு போனதால் குமட்டியதோ என்னவோ. மார்பு வலித்தது. கூடைக்கயிறு இழுத்தால்கூட வலிக்கும்தானே? குளிக்கும்போது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். அது என் வயிறு, அவ்வளவுதான். "இருக்கியா? இருந்தா சொல்லித் தொலையேன்!" என்று ஒரு தடவை அதைத் திட்டியேவிட்டேன். பிறகு, இருந்து கேட்டிருந்தால் மனசு நோகுமே என்று தடவிக் கொடுத்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வரும் மருத்துவிச்சி நோனாவிடம் யாருக்கும் தெரியாமல் போனேன். சிங்களத்து அம்மா, தமிழ் பேசுவார். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "இப்ப சொல்ல ஏலாது. இன்னும் ரெண்டு மாசம் போனா கைக்குத் தெரியும். அவசரம் என்ன?" என்றார்.

அவசரம் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? பூண்டுலோயாவில் அத்தையின் தம்பி இருந்தார், மாமா என்று கூப்பிடுவோம். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். எனக்கு இரண்டு வருஷமாகப் பிள்ளை தங்கவில்லை என்றதும், அந்தப் பெண்ணை என் புருஷனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேசி முடிக்க மாமாவும் மாமியும் வருவதாக நாள்கூடக் குறித்தாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. ஒரே காம்பராவில் எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தி பாய் விரிப்பாள். அவள் பெறுவாள், நான் குடம் தூக்குவேன். இல்லையென்றால் என் அம்மா வீட்டுக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

என் புருஷனிடம் கேட்டேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அம்மா ஏதோ பேசிக்கிட்டிருக்காங்க. நீதான் இப்ப இப்பிடி இருக்கியே, அப்புறம் என்ன?" என்றார்.

"நான் எப்பிடி இருக்கேன்?"

"முழுகாமத்தானே இருக்க?"

"அது எனக்கே தெரியல."

அவர் தலை நிமிரவில்லை. "அப்ப இருக்குன்னே வச்சுக்கயேன்" என்றார். நல்ல மனிதர்தான், என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தீட்டுக்கல்லை எடுத்து அவர் தலையில் போடலாம் போல இருந்தது.

அவர் சொன்னதில் ஒரு கணக்கு இருந்ததை மறைக்க மாட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பூண்டுலோயாக்காரர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். பிறகு நிஜமாகவே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், கலைந்துவிட்டது என்று அழுதால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தேன். மலையில் சப்பினேன், காலையில் பேர் பதிகிற பெரட்டில் நிற்கும்போது சப்பினேன். அட்டைப் புண் ஆறிவிட்டது. ஆனாலும் கயிற்றை நான் கீழே இறக்கவில்லை. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாமா சால்வையோடு, மாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. லயத்து வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அரிசி புடைப்பது போலவும் பேன் பார்ப்பது போலவும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் குடிக்கத் தேயிலைச் சாயத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். மாமி என்னை மேலிருந்து கீழே பார்த்து, வயிற்றில் வந்து நின்றார்.

"அக்கா, ஊரெல்லாம் என்னமோ பேசிக்கிறாங்களே, நெசமா?" என்று மாமா கேட்டார். "நெசம்னா எங்களுக்கும் சந்தோசந்தான். எம் மகளுக்கு வேற எடம் பாத்துக்கிறோம்."

அத்தை முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவளையே கேளுங்க. ஏ புள்ள, வெக்கப்படாம சொல்லு. முழுகாமத்தானே இருக்க?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் புருஷன் தரையைப் பார்த்தார். ஆமாம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தேன்.

"தெரியாதுங்க" என்றேன்.

மாமிதான் முதலில், "தெரியாதுன்னா? இதென்ன பேச்சு? உன் வயித்துல இருக்கிறது உனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியாதுங்க மாமி. அம்பது நாளுக்கு மேல ஆவுது. இருக்கலாம், இல்லாமலும் போவலாம். மருத்துவிச்சி நோனாவுக்கே தெரியல. அட்டை கடிச்சுதுன்னு கயித்தத் தூக்கிக் கட்டினேன், ஊரே சேந்து எனக்குப் புள்ளையக் குடுத்துருச்சு. நான் சொல்லல." ஆரம்பித்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "இன்னைக்கு ஆமான்னு சொன்னா, அந்தப் புள்ள தயவுல நான் இந்த வீட்டுல இருக்கிறதா ஆயிரும். நான் அதுக்காக இங்க வரல. என்னையக் கேட்டுத்தானே தாலி கட்டுனீங்க? இருந்தா சந்தோசப்படுவோம். இல்லன்னா அழுவோம். ரெண்டுக்கும் நான் இதே காம்பராவுலதான் இருப்பேன். எனக்குப் பக்கத்துல வேற யாரும் பாய் விரிக்க நான் விடமாட்டேன்."

இத்தனையும் பேசியது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காலத்தில், தோட்டத்து ஜனங்களான நாங்கள் இந்தியாவா இலங்கையா என்று கேட்டால் சர்க்காரில் இருந்த பெரிய பெரிய ஆட்களே தெரியாது என்றுதான் சொன்னார்கள். அவர்களை யாரும் வீட்டை விட்டு விரட்டிவிடவில்லை. நான் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

மாமா சால்வையை உதறிக்கொண்டு எழுந்தார். "அக்கா, உம் மருமகளுக்கு வாய் ரொம்ப நீளம். ஒரு மாசம் பாக்குறோம். இல்லன்னு தெரிஞ்சா கடிதாசி போடு. நாங்க மேக்கொண்டு பேசுவோம்." அவர்களை பஸ்ஸுக்கு வழியனுப்ப என் புருஷன் போனார். அத்தை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர், சோறு பொங்கி வழிகிறவரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் நான் கயிற்றைப் பழையபடி இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு போனேன். கங்காணி குழம்பிப்போய், அதற்குமேல் கேட்க வாய் வராமல் அதே ரோட்டோரத்தைக் காட்டினார்.

புதன்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. தொடையில் ஈரம். பார்க்காமலே தெரிந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடைப் பக்கம் இறங்கினேன். படங்கை அவிழ்த்துப் பார்த்தேன். தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். எத்தனை ஆசை வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாய் தெரியாது என்று சொன்னதே ஒழிய, மனது அதற்குத் தொட்டில்கூடக் கட்டிவிட்டிருந்தது.

பின்னால் காலடி கேட்டது. அத்தை. சோற்றுப் போணியோடு என்னைத் தேடி வந்திருக்கிறார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

"இல்லீங்க அத்த. வந்துருச்சு. மாமாவுக்குக் கடிதாசி போட்டுக்குங்க" என்றேன்.

அத்தை போணியைக் கல்லில் வைத்தார். தன் தலைக் கொங்காணியை அவிழ்த்து நீளமாகக் கிழித்து என்னிடம் கொடுத்தார். நான் துணியைச் சரிசெய்து முடிக்கும்வரை முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்படியே, என்னைப் பார்க்காமலே பேசினார்.

"என்னையும் இப்பிடித்தான் கேட்டாங்க. கல்யாணமாயி நாலு வருசம். எம் மாமியா, கொழுந்தன், ஊர்க்காரங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு. நான் ஆமான்னுட்டேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"ஒண்ணும் இல்ல. அன்னைக்குக் காலையிலதான் எனக்கு வந்திருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். ரெண்டு மாசம் கயித்தத் தூக்கிக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். மூலையில ஒக்காராம, துணிய இருட்டுல தொவைச்சேன். அப்புறம் ஒருநா மலையில வேணும்னே விழுந்து உருண்டேன். கலைஞ்சிருச்சுன்னு அழுதேன். லயமே சேந்து அழுதுச்சு புள்ள, இல்லாத புள்ளைக்கு. உம் மாமனாரு மூணு நா சாப்பிடல. பொறந்திருந்தா என்ன பேரு வச்சிருப்போம்னு சாவுற வரைக்கும் வருசா வருசம் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் ஊங்கொட்டிக்கிட்டே இருந்தேன். அவருக்கே தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

ஓடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே பெண்கள் சாப்பாட்டுக்கு உட்கார்கிற சத்தம் கேட்டது. அத்தையைத் தொடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வழக்கப்படி அந்த மூன்று நாளும் நான் யாரையும் தொடக் கூடாது. தொட்டேன். தோளில் கை வைத்தேன். அத்தை தட்டிவிடவில்லை.

"எனக்குச் செஞ்சதையே உனக்கும் செய்யப் பாத்தேன்" என்றார். "ஞாயித்துக்கெழம நீ பேசுனப்ப எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. இந்த வார்த்த எனக்கு ஏன் வரலன்னு அன்னையிலருந்து நெனச்சுக்கிட்டிருக்கேன்."

என் வாழ்க்கையில் நிறையப் பேர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரையே ஒரு தடவை என் கூடைக்கு முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு எனக்குப் பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் அந்த ஓடையில், கிழிந்த கொங்காணியோடு அத்தை சொன்ன அந்த ஒரு பேச்சு கொடுத்த பெருமையை வேறெதுவும் எனக்குக் கொடுக்கவில்லை.

அன்று மாலை என் புருஷன் வேலை விட்டு வந்து காலைக்கூடக் கழுவவில்லை. அத்தை ஒரு காகிதத்தையும் பென்சிலையும் அவர் முன்னால் போட்டார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர் அவர், எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள். நான் மூலையில் சாக்கில் உட்கார்ந்திருந்தேன். நான் அங்கே உட்கார்ந்திருந்தாலே விஷயம் என்னவென்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பென்சிலைக் கையில் எடுக்கவே பயந்தார்.

"எழுதுடா. பூண்டுலோயா தம்பிக்கு."

"என்னன்னும்மா எழுதுறது?"

"எங்க வீட்டுல மருமக இருக்கா. புள்ள வந்தா அவ சொல்லுவா, அதுவரைக்கும் நாங்க கேக்க மாட்டோம். நீங்க வேற எடம் பாத்துக்குங்க." அத்தை காகிதத்தை எட்டிப் பார்த்தார். "எழுதிட்டியா? அத அவளுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு."

அவர் வாசித்தார்.